பட்டறைக் கேள்வி–பதில்: மூன்று முறைக்கும் ஒரே வெல்டிங் மெஷின்

ராடு (பூச்சுள்ள குச்சி), மிக் (சுருளிலிருந்து தானாக வரும் வயர்), டிக் (டங்ஸ்டன் முனை) என்ற மூன்று முறைகளிலும் வேலை செய்யும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் மெஷின்கள் இப்போது சிற்றூர்ப் பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் வந்துவிட்டன. பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள அந்தப் பெட்டியை வாங்கியவர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றை இந்த இதழில் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, விவசாயக் கருவிகளைப் பழுது பார்க்கும் சிறு பட்டறை வைத்திருக்கிறேன். 200 ஆம்பியர் மெஷின் ஒன்றை வாங்கி, வீட்டிலுள்ள 15 ஆம்பியர் பவர் பிளக்கில் மாட்டிப் பயன்படுத்துகிறேன். 10 கேஜ் ராடு போட்டு 120 ஆம்பியரில் ஓட்டினால் சற்று நேரத்தில் டிரிப் ஆகிவிடுகிறது. ஒரு முறை பிளக் உருகியும் விட்டது. பெரிய எம்சிபி (மின்சாரம் அளவை மீறினால் தானாக அணையும் சுவிட்ச்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் எலெக்ட்ரீஷியன். போடலாமா?
— பட்டறை உரிமையாளர், உடுமலைப்பேட்டை

பதில்: போடக் கூடாது. சுவருக்குள் ஓடும் வயர் தாங்கக்கூடிய அளவைக் கணக்கிட்டுத்தான் எம்சிபி பொருத்தப்பட்டிருக்கிறது. அதை மட்டும் பெரிதாக்கினால் டிரிப் ஆவது நிற்கும். ஆனால் பிளக்கில் நடந்த உருகல் அடுத்த முறை சுவருக்குள் நடக்கும். பழைய வீடுகளில் ஃபியூஸ் கேரியரில் இரண்டு மூன்று இழைகளை முறுக்கிக் கட்டுவதும் இதே தவறுதான்.

உங்கள் மெஷின் எவ்வளவு மின்சாரம் இழுக்கிறது என்பதை நீங்களே கணக்கிட்டுப் பார்க்கலாம். ராடு வெல்டிங்கில் 120 ஆம்பியர் ஓடும்போது ராடு முனையில் எரியும் மின்சுடரான ஆர்க்கின் மின்னழுத்தம் ஏறத்தாழ 25 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 3,000 வாட். மெஷினுக்குள் ஏற்படும் இழப்பைச் சேர்த்தால் உள்ளே வர வேண்டியது 3,500 வாட். விலை குறைந்த இன்வெர்ட்டர்களில் பவர் ஃபேக்டர் (இழுக்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.7 அளவில்தான் இருக்கும் என்பதால், லைனிலிருந்து இழுக்கப்படுவது 5,000 வோல்ட்-ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் சுமார் 22 ஆம்பியர். மாலை நேரத்தில் உங்கள் ஊரில் மின்னழுத்தம் 190 வோல்ட்டுக்கு இறங்கினால், அதே வேலைக்கு மெஷின் 26 ஆம்பியர் இழுக்கும். ஏனெனில் இன்வெர்ட்டர், வோல்ட் குறைந்தால் அந்தக் குறையை ஆம்பியரை ஏற்றி ஈடுகட்டும் இயல்புடையது. 15 ஆம்பியருக்கான பிளக் அதனால்தான் உருகியது. 12 கேஜ் ராடில் 80 ஆம்பியர் வரை ஓட்டினால் 13, 14 ஆம்பியரோடு நின்றுவிடும். வீட்டுப் பிளக்கில் அதுவே எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ஆம்பியர் முழுமையாக வேண்டுமென்றால் 40 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அது ஒரு சாதாரண வீட்டு இணைப்பு தாங்கும் விஷயம் அல்ல.

மெஷினின் பின்புறத்தில் ஒட்டியிருக்கும் பெயர்ப்பலகையைப் படியுங்கள். முன்புறத்தில் பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும் எண் பல மெஷின்களில் வெறும் மாடல் எண்தான். அதை ஆம்பியர் என்று நம்பி வாங்கியவர்கள் நிறையப் பேர். பின்புறப் பலகையில் ஐ-1 என்ற குறியோடு இரண்டு அளவுகள் இருக்கும். ஒன்று, மெஷின் உச்சத்தில் இழுக்கும் ஆம்பியர்; மற்றொன்று, வேலையும் ஓய்வும் மாறி மாறி வருவதைக் கணக்கில் கொண்ட நிகர ஆம்பியர். வயரின் தடிமனை நிகர அளவை வைத்தே தீர்மானிக்கிறார்கள். இந்தப் பலகையே இல்லாத மெஷினை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

உங்களுக்கு வேண்டியது தனி லைன். மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தூரம் 20 மீட்டருக்கு மேலிருந்தால் 6 சதுர மில்லிமீட்டர், அதற்கேற்ற எம்சிபி, நீல நிறத்தில் வரும் 32 ஆம்பியர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட், சரியான எர்த் குழியிலிருந்து வரும் எர்த் வயர் ஆகியவற்றை உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனை வைத்துப் போட்டுக்கொள்ளுங்கள். அதற்கு முன், உங்கள் இணைப்புக்கு அனுமதிக்கப்பட்ட லோடு எவ்வளவு என்று மின்வாரிய அலுவலகத்தில் கேட்டு, தேவையானால் உயர்த்திக்கொள்ள வேண்டும். பட்டறை என்பது தொழில் என்பதால் வீட்டு இணைப்பில் அதை நடத்துவதே முறையல்ல. தோட்டத்துப் பம்ப்செட்டுக்குக் கொடுத்த இணைப்பில் வெல்டிங் ஓட்டுவதும் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 126ஆம் பிரிவின்படி அனுமதியற்ற பயன்பாடு.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சுற்றி வைத்த வயரைப் பிரிக்காமலேயே பலர் மெஷினை ஓட்டுகிறார்கள். சுருளாக இருக்கும் வயருக்குள் வெப்பம் வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் ஒன்றோடொன்று ஒட்டிப்போகும். 2.5 சதுர மில்லிமீட்டர் வயரை 30 மீட்டர் இழுத்து 20 ஆம்பியர் ஓட்டினால் வழியிலேயே ஏறத்தாழ 9 வோல்ட் போய்விடும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். வேலை தூரத்தில் இருந்தால், 230 வோல்ட் ஓடும் வயரை ஈரத் தரையில் நீளமாக இழுப்பதைவிட, மெஷினைப் பிளக்கின் அருகில் வைத்துவிட்டு ஹோல்டர் கேபிளையும் எர்த் கேபிளையும் தடிமனாகவும் நீளமாகவும் போட்டுக்கொள்வது பாதுகாப்பானது.

கட்டட வேலை நடக்கும் இடங்களுக்கு மெஷினை எடுத்துச் செல்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அங்கே தற்காலிகப் போர்டில் நியூட்ரல் எது, ஃபேஸ் எது என்று அளந்து பார்க்காமல் இரண்டு ஃபேஸுக்கு நடுவில் மாட்டிவிட்டால், 230 வோல்ட் மெஷினுக்குள் 415 வோல்ட் ஏறி, சுவிட்சைப் போட்ட நொடியிலேயே மெஷினுக்குள் இருக்கும் எலெக்ட்ரானிக் போர்டு வெடித்துவிடும். ஜெனரேட்டரில் ஓட்டுவதானால், உங்கள் 120 ஆம்பியர் வேலைக்கு 7.5 கேவிஏ அளவும், மின்னழுத்தத்தைச் சீராக வைக்கும் ஏவிஆரும் வேண்டும். ஜெனரேட்டர் நிலையான வேகத்துக்கு வந்த பிறகே மெஷினைப் போட வேண்டும். மெஷினை அணைத்த பிறகே ஜெனரேட்டரை நிறுத்த வேண்டும்.

கேள்வி: ஐடிஐ முடித்துவிட்டுச் சொந்தமாக கேட், கிரில் வேலை எடுத்துச் செய்கிறேன். கேஸ் இல்லாமல் ஓடும் மிக் வயர் வாங்கிப் போட்டேன். பொறி மட்டும் கண்டபடி சிதறுகிறது. வெல்டு மேலே நிற்கிறதே தவிர உள்ளே இறங்கவில்லை. அடிக்கடி வயர் ரோலர் அருகில் சுருண்டு சிக்கிக்கொள்கிறது. மெஷின் பழுதா?
— வாசகர், ஓசூர்

பதில்: மெஷின் பழுதாக இருக்க வாய்ப்பு குறைவு. நீங்கள் வயரை மட்டும் மாற்றியிருக்கிறீர்கள். போலாரிட்டியை, அதாவது எந்தக் கேபிள் பிளஸ், எது மைனஸ் என்பதை, மாற்றியிருக்க மாட்டீர்கள். ஒரே பெட்டிக்குள் மூன்று முறைகள் இருந்தாலும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும்போது மின்முனை, வயரைத் தள்ளும் ரோலர், கையில் பிடிக்கும் டார்ச்சின் நுனியிலுள்ள டிப், வாயு எல்லாமே மாற வேண்டும். முகப்பிலுள்ள பட்டனை அழுத்துவது அதில் ஒரு பகுதிதான்.

செம்பு பூசிய சாதாரண மிக் வயரைக் கேஸோடு ஓட்டும்போது டார்ச் பிளஸ் முனையிலும், எர்த் கிளாம்ப் மைனஸ் முனையிலும் இருக்க வேண்டும். கேஸ் தேவைப்படாத, உள்ளே ஃப்ளக்ஸ் என்ற காப்புத் தூள் நிரப்பிய வயருக்குப் பெரும்பாலும் இது தலைகீழ்: டார்ச் மைனஸில், கிளாம்ப் பிளஸில். டிக் வெல்டிங்கில் டார்ச் மைனஸில்தான் இருக்க வேண்டும். மாற்றிப் போட்டால் டங்ஸ்டன் முனை உருகி உருண்டையாகிவிடும். ராடு வெல்டிங்கில் 6013 ராடு இரண்டு பக்கமும் ஓடும். 7018 ராடு பிளஸில் ஓட வேண்டும். மிக் டார்ச்சின் முனையை மாற்றுவதற்குச் சில மெஷின்களில் முகப்பிலேயே ஒரு குட்டைக் கேபிள் தொங்கும். சிலவற்றில் வயர் ஸ்பூல் இருக்கும் கதவைத் திறந்தால் இரண்டு போல்ட்டுகளில் மாற்றி முறுக்கும் பட்டை இருக்கும். மெஷினை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிய பிறகே அதில் கை வைக்க வேண்டும். கேபிள் முனையைச் சாக்கெட்டில் செருகியதும் வலப்புறமாக முறுக்கி இறுக்க மறவாதீர்கள். பாதியில் நிற்கும் முனைதான் சூடேறிக் கருகும்.

வயர் சிக்குவதற்கு முதற்காரணம் ரோலர். கெட்டி வயருக்கு வி வடிவப் பள்ளமுள்ள ரோலரும், ஃப்ளக்ஸ் வயருக்குச் சொரசொரப்பான பள்ளமுள்ள ரோலரும் போட வேண்டும். ஃப்ளக்ஸ் வயர் மெல்லிய குழாய் போல இருப்பதால், வி பள்ளத்தில் வைத்து அழுத்தினால் நசுங்கி, டார்ச் கேபிளின் உட்குழாயான லைனருக்குள் நுழையாமல் வெளியே சுருளும். வழுக்குகிறது என்று நினைத்து நீங்கள் மேலும் இறுக்கியிருப்பீர்கள். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். அழுத்தத்தைச் சரிபார்க்க, டார்ச்சிலிருந்து வரும் வயரை ஒரு மரக்கட்டையின் மீது சாய்வாக மோதவிடுங்கள். வயர் வளைந்து ஓட வேண்டும். கட்டையில் முழுமையாகத் தடுக்கப்பட்டால் ரோலர் வழுக்க வேண்டும். அந்த அளவு இறுக்கம் போதும். அப்போதும் சிக்கினால் டிப்பின் துளை வயருக்குப் பொருந்துகிறதா, டார்ச் கேபிள் எங்காவது மடங்கியிருக்கிறதா, லைனருக்குள் தூசி அடைத்திருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள்.

புதிய ஸ்பூல் மாட்டும்போது டிப்பைக் கழற்றிவிட்டு, டார்ச் கேபிளை நேராக நீட்டி வைத்து வயரை ஓட்டுங்கள். வயர் வருகிறதா என்று டார்ச் வாயைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்ப்பவர்களை நான் கண்டிருக்கிறேன். டிரிகரை அழுத்திய கணமே அந்த வயரில் மின்சாரம் இருக்கிறது. அதன் முனை ஊசியைப் போல வெளியே பாய்கிறது.

இவை சரியானதும் 3 மில்லிமீட்டர் தகட்டுக்கு 120 ஆம்பியர் அளவில் தொடங்கி, உதிரித் துண்டில் ஓட்டிப் பாருங்கள். ஃப்ளக்ஸ் வயரில் டிப்புக்கு வெளியே 15 முதல் 20 மில்லிமீட்டர் வயர் நீண்டிருக்க வேண்டும். டார்ச்சைப் பின்னோக்கி இழுத்துக்கொண்டு வர வேண்டும். கேஸ் வயருக்கு 10, 12 மில்லிமீட்டர் போதும். அதை முன்னோக்கித் தள்ளிக்கொண்டு போகலாம். வயர் வேகமும் வோல்ட்டும் ஒத்துப்போனால் அப்பளம் பொரிவது போலச் சீரான ஓசை கேட்கும். வயர் தட்டித் தட்டி டார்ச்சைப் பின்னால் தள்ளினால் வயர் வேகம் அதிகம். வயர் முனை உருண்டு பெரிய சொட்டுகளாக விழுந்தால் வோல்ட் அதிகம்.

கேள்வி: கடற்கரை ஊர். திறந்த வெளியில்தான் வேலை. ஆர்கான் கலந்த கேஸ் வாங்கி மிக் ஓட்டினால் வெல்டு முழுவதும் துளைத்துளையாக இருக்கிறது. கேஸைக் கூட்டி வைத்தும் பயனில்லை.
— வாசகர், நாகப்பட்டினம்

பதில்: நாசிலிலிருந்து வரும் கேஸ் உருகிய உலோகத்தின் மேல் ஒரு மெல்லிய போர்வையாக நிற்கிறது. வினாடிக்கு 2 மீட்டர் வேகக் காற்று, அதாவது முகத்தில் இலேசாக உணரும் காற்று, அதைக் கலைக்கப் போதுமானது. கேஸைக் கூட்டக் கூட்ட அது சுழன்று வெளிக்காற்றையும் உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பதால் துளைகள் கூடவே செய்யும். நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் என்ற அளவிலேயே வைத்துக்கொண்டு, காற்று வரும் பக்கம் தகடோ தார்ப்பாயோ மறைப்பாக வையுங்கள். தார்ப்பாய் பொறி விழும் தூரத்துக்கு அப்பால் இருக்க வேண்டும். மறைப்பு வைக்க முடியாத இடத்தில் ஃப்ளக்ஸ் வயரோ ராடோதான் சரி. அங்கே மிக் கேஸுக்குச் செலவழிப்பது வீண்.

கடற்காற்றில் ஒரே இரவில் துரு ஏறும் உங்கள் ஊரில், வெல்டு போடும் இடத்தைப் பளபளப்பு வரும்வரை கிரைண்டர் போட்டுத் தேய்க்காமல் தொடங்கக் கூடாது; துருவும் ஈரமும் துளைகளுக்கு இன்னொரு காரணம். 7018 ராடு பாக்கெட்டைப் பிரித்து வைத்துவிட்டால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் வெப்பநிலையில் அதை ஓவனில் காயவைத்தே பயன்படுத்த வேண்டும். வெயிலில் வைத்து எடுப்பது காயவைப்பதாகாது.

சிலிண்டரைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது நிமிர்ந்த நிலையில் சங்கிலியால் கட்டப்பட்டிருக்க வேண்டும். எடுத்துச் செல்லும்போது ரெகுலேட்டரைக் கழற்றி, வால்வுக்கு மூடி போட வேண்டும். விழுந்து வால்வு உடைந்த சிலிண்டர் சுவரையும் துளைத்துக்கொண்டு போகும் வேகம் உடையது. ஆர்கான் தீர்ந்துவிட்டது என்று ஆக்ஸிஜன் சிலிண்டரை மாட்டிப் பார்க்கலாமா என்று எவரேனும் கேட்டால், அவரை மெஷின் பக்கமே விடாதீர்கள்.

கேள்வி: என் கணவர் ஜிஐ பைப் ஷெட் வேலை செய்கிறார். சில நாட்கள் வேலை முடித்து வந்த இரவு குளிர் காய்ச்சலும் உடம்பு வலியும் வருகிறது. மறுநாள் மாலைக்குள் சரியாகிவிடுகிறது. வாழைப்பழமும் பாலும் சாப்பிட்டால் போதும் என்று உடன் வேலை செய்பவர்கள் சொல்கிறார்கள். இது உண்மையா?
— வாசகி, பெருந்துறை

பதில்: அம்மா, நீங்கள் விவரித்திருப்பது துத்தநாகப் புகைக் காய்ச்சலின் அடையாளங்களோடு அப்படியே பொருந்துகிறது. ஜிஐ பைப்பின் மேல் பூசியிருப்பது துத்தநாகம். இரும்பு உருகுவதற்கு வெகு முன்னரே, 907 டிகிரி செல்சியஸில், அது கொதித்து ஆவியாகிக் காற்றோடு சேர்ந்து வெண்புகையாகிறது. வெல்டு போட்ட இடத்தைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெள்ளைப் படலம் ஒட்டியிருப்பதை உங்கள் கணவர் தினமும் பார்த்திருப்பார். அதே பொருள்தான் நுரையீரலுக்குள்ளும் போயிருக்கிறது. சுவாசித்து 4 முதல் 10 மணி நேரம் கழித்துத் தாகம், வாயில் உலோகச் சுவை, நடுக்கம், காய்ச்சல் என்று வரும். ஓரிரு நாளில் தானாகவே அடங்கும். தொடர்ந்து வேலை செய்யும் நாட்களில் உடல் சற்றுப் பழகிக்கொள்வதும், ஞாயிறு ஓய்வுக்குப் பிறகு திங்களன்று மீண்டும் காய்ச்சல் கடுமையாக வருவதும் இந்த நோயின் இயல்பு.

பாலும் வாழைப்பழமும் நல்ல உணவுகள், வெல்லமும் அப்படியே. ஆனால் அவை நுரையீரலுக்குள் போன புகையை எடுத்துவிடும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. தீங்கு அவற்றில் இல்லை. அவற்றைச் சாப்பிட்டுவிட்டோம் என்ற தைரியத்தில் அதே புகைக்குள் மறுபடி தலையை நீட்டுவதில்தான் இருக்கிறது.

செய்ய வேண்டியவை வேறு. சேரும் இடத்திலிருந்து இருபுறமும் குறைந்தது 25 மில்லிமீட்டர் தூரத்துக்குப் பூச்சைக் கிரைண்டரால் எடுத்துவிட்டு வெல்டு போட வேண்டும். தேய்க்கும்போதும் முகக்கவசம் வேண்டும். வேலை முடிந்ததும் துத்தநாகம் மிகுந்த பெயிண்ட் அடித்தால் அந்த இடம் துருப்பிடிக்காது. முகத்தில் சுற்றிய துண்டு இந்தப் புகையைத் தடுக்காது; என்-95 வகைக் கவசமாவது வேண்டும், அதைவிட மேலான வடிகட்டி இருந்தால் நல்லது. புகை செங்குத்தாக மேலே எழுகிறது என்பதால், குனிந்து அதற்கு மேலாக முகத்தை வைக்காமல் பக்கவாட்டில் நின்று போடுவதே பாதி பாதுகாப்பு. ஷெட்டின் இரு பக்கமும் திறந்திருக்க வேண்டும்; மின்விசிறி, புகையைக் குறுக்காகத் தள்ளும்படி சற்றுத் தள்ளி இருக்க வேண்டும்.

காய்ச்சலோடு மூச்சுத் திணறலோ நெஞ்சு இறுக்கமோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வெல்டிங் வேலை என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். காட்மியம் பூசிய போல்ட்டு, கிளாம்ப் போன்றவற்றைச் சூடாக்கினால் தொடக்கத்தில் இதே போன்ற காய்ச்சலாகத் தோன்றிப் பின்னர் உயிரைப் பறிக்கும் நுரையீரல் அழற்சியாக முற்றிவிடும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வெல்டிங் புகையில் குரோமியத்தின் நச்சு வடிவம் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, வெல்டிங் புகையை 2017இல் புற்றுநோயை உண்டாக்கும் முதல் வகைப் பொருட்களில் சேர்த்துவிட்டது. எனவே மறுநாள் சரியாகிவிடுகிறது என்பதை மட்டும் வைத்து இதைச் சிறிய விஷயமாகக் கருத வேண்டாம்.

கேள்வி: இஎல்சிபி (மின்கசிவு கண்டால் அணைக்கும் சுவிட்ச்) போட்டிருக்கிறேன். இனி வெல்டிங்கில் ஷாக் அடிக்காது அல்லவா?
— வாசகர், கடலூர்

பதில்: அடிக்கும். 30 மில்லி ஆம்பியர் இஎல்சிபி, பிளக்கிலிருந்து மெஷின் வரை உள்ள கசிவைத்தான் கண்டுபிடிக்கும். மெஷினுக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மருக்கு அப்பால், ஹோல்டருக்கும் எர்த் கிளாம்புக்கும் இடையே நடப்பது அதற்குத் தெரியாது. ஆர்க் பிடிக்காமல் சும்மா இருக்கும்போது அந்த இரண்டுக்கும் நடுவில் 60 முதல் 80 வோல்ட் வரை நிற்கிறது. உலர்ந்த கையுறைக்கு அது பெரிதல்ல. வியர்வையில் நனைந்த சட்டையோடு இரும்புச் சட்டத்துக்குள் உட்கார்ந்து, ஈரக் கையால் ராடு மாற்றுபவருக்கு அது உயிருக்கு ஆபத்து. மெஷினில் விஆர்டி என்ற வசதி இருந்தால் அதைப் போட்டு வையுங்கள். வேலை நிற்கும்போது அந்த வோல்ட்டை 35க்குக் கீழே இறக்கிவிடும். கையுறைகளை இரண்டு ஜோடியாக வைத்து, நனைந்ததை மாற்றுங்கள். ரப்பர் பாயோ உலர்ந்த பலகையோ காலடியில் போடுங்கள். ஹோல்டரை அக்குளில் இடுக்கிக்கொள்ளும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மழையில் வேலையை நிறுத்துங்கள்.

வேலைப்பொருளில் மாட்டும் எர்த் கிளாம்ப், மெஷினின் மூன்றாவது பின்னில் வரும் எர்த்துக்கு மாற்று அல்ல. இரண்டும் தனித்தனியே இருக்க வேண்டும். கிளாம்பை வெல்டு போடும் இடத்துக்கு அருகிலேயே, பெயிண்ட்டைச் சுரண்டிய வெற்று இரும்பில் மாட்டுங்கள். தூரத்துக் கம்பியில் மாட்டினால், மின்சாரம் திரும்பி வர பேரிங்கையோ கிரேன் சங்கிலியையோ கட்டடத்தின் எர்த் வயரையோ வழியாக்கிக்கொள்ளும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மெஷினுக்கு அருகில் நிற்கக் கூடாது.

கேள்வி: ஐந்து நிமிடம் தொடர்ந்து ஓட்டினால் மஞ்சள் விளக்கு எரிந்து மெஷின் நின்றுவிடுகிறது. கடைக்காரர் இது இயல்புதான் என்கிறார்.
— வாசகர், திருத்தணி

பதில்: கடைக்காரர் சொல்வது சரி. பெயர்ப்பலகையில் 200 ஆம்பியர், 30 சதவீதம் என்று இருந்தால், 40 டிகிரி வெப்பத்தில் பத்து நிமிடத்துக்கு மூன்று நிமிடம் ஓட்டலாம், ஏழு நிமிடம் ஓய்வு தர வேண்டும் என்று பொருள். அதே மெஷினை இடைவிடாமல் ஓட்ட வேண்டுமானால் 110 ஆம்பியருக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும் உங்கள் ஊரில் இதையும் சற்றுக் குறைத்தே கணக்கிடுங்கள். விளக்கு எரிந்ததும் சுவிட்சை அணைக்காதீர்கள். உள்ளிருக்கும் விசிறி ஓடினால்தான் விரைவில் ஆறும்.

முன்பைவிடச் சீக்கிரமாக நிற்கத் தொடங்கினால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது. கிரைண்டரின் இரும்புத் தூள் இன்வெர்ட்டர் போர்டுக்கு எமன். மெஷினைக் கிரைண்டர் பொறி பாயும் திசையில் வைக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, காற்றுத் துளைகள் வழியாக ஈரமில்லாத காற்றை மெதுவாக அடித்துச் சுத்தம் செய்யுங்கள். மூடியை நீங்கள் கழற்ற வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டர்களில் உயிரைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தேங்கி நிற்கும்.

கேள்வி: வெல்டிங் வெளிச்சம் பார்த்துக் கண் எரிந்தால் தாய்ப்பால் விடலாமா? உருளைக்கிழங்கு வைக்கலாமா?
— பலர்

பதில்: இரண்டும் வேண்டாம். ஆர்க்கின் புற ஊதாக் கதிர் கருவிழியின் மேல்தோலைச் சுட்டுவிடுகிறது. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நள்ளிரவில், கண்ணில் மணலைக் கொட்டியது போல அறுக்கும். காயம்பட்ட கருவிழியின் மேல் சுத்தமில்லாத எதை வைத்தாலும் கிருமி ஏறும். குளிர்ந்த ஈரத் துணியைக் கண்ணை மூடி மேலே வைத்துக்கொண்டு, இருட்டறையில் இருந்துவிட்டு, காலையில் கண் மருத்துவரிடம் செல்லுங்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தைக் கடையில் நீங்களே வாங்கி விட்டுக்கொள்ளாதீர்கள். வலி தெரியாமல் போகும், புண் ஆறுவது தள்ளிப்போகும்.

நூறு, நூற்றைம்பது ஆம்பியர் வேலைக்கு 10 அல்லது 11ஆம் எண் கண்ணாடி வேண்டும். தானாகக் கறுக்கும் ஹெல்மெட் வாங்கினால் டாக் (துண்டுகளைப் பிடித்து நிறுத்தும் சிறு பொட்டு வெல்டு) போடும்போதும் கண் தப்பிக்கும். பெரும்பாலானோர் கண்ணைக் கெடுத்துக்கொள்வது ‘ஒரு டாக்தானே’ என்று வெறுங்கண்ணோடு போடும்போதுதான். தெருவோரப் பட்டறைகளில் வேடிக்கை பார்க்கும் குழந்தைகளுக்காகத் திரை கட்ட வேண்டியது பட்டறைக்காரரின் பொறுப்பு.

கேள்வி: டிராக்டரில் நேரடியாக வெல்டு போடலாமா? டீசல் பேரலைக் கழுவிவிட்டு வெட்டலாமா?
— வாசகர், மன்னார்குடி

பதில்: டிராக்டரில் போடலாம். முதலில் பேட்டரியின் மைனஸ் கேபிளைக் கழற்றுங்கள். 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புதிய டிராக்டர்களுக்கு 2023இல் ட்ரெம்-4 என்ற புகை மாசு விதி நடைமுறைக்கு வந்தது. அவற்றில் எலெக்ட்ரானிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும் என்பதால், அதன் கனெக்டரையும் கையேட்டில் சொன்னபடி கழற்ற வேண்டும். எர்த் கிளாம்ப் வெல்டு போடும் பாகத்திலேயே இருக்கட்டும். டீசல் குழாய், ஹைட்ராலிக் ஹோஸ், வைக்கோல் தூசி எல்லாவற்றையும் விலக்குங்கள். பொறி 35 அடி தூரம் வரை போகும் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதிகள் வைத்திருக்கும் கணக்கு. வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது ஒருவர் தண்ணீரோடும் தீயணைப்பானோடும் அங்கே இருக்க வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் மட்டும் வெல்டு போடவே கூடாது. உட்புற ரப்பர் வெந்து எரிவாயுவாகி, டயர் குண்டாக வெடிக்கும். காற்றை இறக்கிவிட்டாலும் இந்த ஆபத்து போகாது. டயரைக் கழற்றிய பிறகே ரிம்மைத் தொடுங்கள்.

பேரலை வெட்ட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கழுவினாலும் மடிப்பிலும் துருவிலும் டீசல் தங்கியிருக்கும். சூடு பட்டதும் அது ஆவியாகிக் காற்றோடு கலந்து முதல் பொறியிலேயே வெடிக்கும். எரிபொருள் இருந்த பேரல்களைச் சுத்திகரித்து, உள்ளே வாயுச் சோதனை செய்து வெட்டும் வசதியுள்ள இடத்தில் கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு வேண்டியது தொட்டியானால் புதுத் தகடு வாங்கிச் செய்துகொள்ளுங்கள்.